ஒளிக்கும் மின்னுக்கும் இடையில் ஒரு கணச் சோடி: அணுத்தடிப்புக் குறைகடத்திகளில் எக்ஸிட்டன்கள்

இன்றைய உலகில் தகவல் இரு உருவங்களிற் பயணம் செய்கின்றது. கண்டங்களுக்கிடையே கடலடியிற் கிடக்கும் கண்ணாடி இழைகளினூடாக அது ஒளியாகச் செல்கின்றது. கணினியினுள்ளோ கையடக்கத் தொலைபேசியினுள்ளோ புகுந்தவுடன் அது மின்னாக மாறிவிடுகின்றது. ஒளியை மின்னாகவும் மின்னை மீண்டும் ஒளியாகவும் மாற்றும் ஒவ்வொரு தடவையும் சக்தி செலவாகின்றது. அதில் ஒரு பகுதி எவருக்கும் பயனின்றி வெப்பமாக வெளியேறுகின்றது. உலகெங்கும் பெருகிவரும் தரவு மையங்கள் உண்ணும் மின்சாரத்தையும், அவற்றைக் குளிர்விக்க ஆகும் செலவையும் எண்ணிப் பார்க்கும்போது, இந்த மாற்றம் நிகழும் இடத்திலே உண்மையில் என்ன நடைபெறுகின்றது என்பது பௌதிகவியலாளர்களுக்கு மாத்திரம் உரிய கேள்வியாக இருக்க முடியாது.

ஒளி ஒரு திண்மப் பொருளினுட் புகுந்து மறைகின்றது. பின்னர் மின்னோட்டம் தோன்றுகின்றது. அல்லது மின்னோட்டம் பாய்கின்றது. பின்னர் ஒளி பிறக்கின்றது. இந்த இரண்டுக்கும் இடையில், பல பொருட்களில், மிகக் குறுகிய ஆயுள் கொண்ட ஒரு சோடி தோன்றி மறைகின்றது. அதற்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் எக்ஸிட்டன் என்பதாகும். கிளர்ச்சியுறுதல் என்னும் பொருள்படும் இலத்தீன் மொழி வேர்ச்சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது.

நெடுங்காலமாக, சாதாரண குறைகடத்திகளில் இந்தச் சோடியைத் தெளிவாகக் காண வேண்டுமாயின் பொருளைக் கடுங்குளிருக்கு உட்படுத்த வேண்டியிருந்தது. ஆனால் 2010 ஆம் ஆண்டின் பின்னர் நிலைமை மாறியது. மூன்று அணுக்களின் தடிப்பு மாத்திரமே கொண்ட குறைகடத்தித் தகடுகளில், சாதாரண அறை வெப்பநிலையிலேயே எக்ஸிட்டன்கள் உறுதியுடன் நிலைத்திருப்பது தெரியவந்தது. இங்கு கவனிக்க வேண்டியது யாதெனில், பொருளின் இரசாயனம் மாறவில்லை. அதன் தடிப்பு மாத்திரமே மாறியது. மெலிந்து போன ஒரு பொருள் ஏன் இவ்வாறு புதிய வலிமை பெற்றது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துளையும் ஒரு துணிக்கையே

செம்பு மின்னை எளிதிற் கடத்துகின்றது. கண்ணாடி கடத்துவதில்லை. சிலிக்கன் போன்ற குறைகடத்திகள் இவை இரண்டுக்கும் இடைப்பட்டவை. குறைகடத்தியினுள் இருக்கும் இலத்திரன்கள் தாம் விரும்பிய எந்தச் சக்தி நிலையிலும் இருந்துவிட முடியாது. அவற்றுக்கென்று அனுமதிக்கப்பட்ட சக்திப் பட்டைகள் உண்டு. அப்பட்டைகளுக்கு நடுவே அனுமதி இல்லாத ஓர் இடைவெளியும் உண்டு.

இதனை விளங்கிக்கொள்ள, மாடியுடன் கூடிய ஒரு மண்டபத்தை எண்ணிப் பார்ப்போம். கீழ்த்தளத்தின் ஆசனங்கள் யாவும் நிரம்பியிருக்கின்றன. மேல்மாடியோ முற்றிலும் வெறுமையாக இருக்கின்றது. கீழே இருப்போர் நகர நினைத்தாலும் நகர இடமில்லை. இந்நிலையில் ஒருவர் மாத்திரம் மேல்மாடிக்கு ஏறிச் சென்றால் இரண்டு மாற்றங்கள் ஒருங்கே நிகழ்கின்றன. மேலே சென்றவர் தம் விருப்பப்படி உலாவலாம். கீழேயோ ஓர் ஆசனம் வெறுமையாகி விடுகின்றது. பக்கத்தில் இருப்பவர் அதற்கு மாறி அமர, அவரது ஆசனம் வெறுமையாகின்றது. அதற்கு அடுத்தவர் மாற, வெறுமை மேலும் ஓரிடம் நகர்கின்றது. தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு அந்த வெற்றாசனமே மண்டபத்தில் நடந்து திரிவது போலத் தோன்றும்.

குறைகடத்தியில் ஒளி விழும்போது நிகழ்வதும் இதுவே. ஒளியின் சக்தியைப் பெற்ற இலத்திரன் ஒன்று மேற்பட்டைக்குத் தாவுகின்றது. அது விட்டுச்சென்ற வெறுமையைத் துளை என்று பௌதிகவியலாளர் அழைப்பர். இலத்திரன் மறை ஏற்றம் கொண்டது. துளையோ நேர் ஏற்றம் கொண்ட ஒரு துணிக்கையைப் போன்று நடந்துகொள்கின்றது. எதிரெதிர் ஏற்றங்கள் ஒன்றையொன்று கவரும் என்பது நாம் அறிந்ததே. ஆகவே, மேலே சென்ற இலத்திரன் தான் விட்டுவந்த துளையை முற்றாகப் பிரிந்து செல்லாது அதனைச் சுற்றி வரக்கூடும். ஐதரசன் அணுவில் ஒரு புரோத்தனைச் சுற்றி ஓர் இலத்திரன் கட்டுண்டிருப்பது போன்ற ஒரு பிணைப்பு இது. இவ்வாறு கட்டுண்ட இலத்திரன் - துளைச் சோடியே எக்ஸிட்டன் ஆகும்.

ஐதரசன் அணுவுக்கும் இதற்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. ஐதரசன் அணு தானாக அழிவதில்லை. எக்ஸிட்டனோ, இலத்திரன் மீண்டும் துளையினுள் வீழ்ந்தவுடன் இல்லாது போகின்றது. அப்போது அதனிடமிருந்த சக்தி ஒளியாக வெளிப்படலாம். அல்லது வெப்பமாக வீணாகலாம். இந்த இரண்டு வழிகளுள் எது வெல்கின்றது என்பதிலேயே இத்துறையின் நடைமுறைப் பயன் முழுவதும் தங்கியுள்ளது.

இக்கருத்தை முதன்முதலில் முன்வைத்தவர் சோவியத் பௌதிகவியலாளரான யாகோவ் பிரெங்கல். திண்மங்களில் ஒளி எவ்வாறு வெப்பமாக மாறுகின்றது என்ற கேள்வியை ஆராய்ந்து 1931 ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரையே இதன் தொடக்கமாகும். அவர் கருதிய எக்ஸிட்டன் ஓர் அணுவுக்குள்ளோ ஒரு மூலக்கூறுக்குள்ளோ அடங்கியிருக்கும் அளவுக்குச் சிறியது. 1937 இல் கிரெகரி வானியர் என்பவர், பல அணுக்களைத் தாண்டிப் பரந்து நிற்கும் பெரிய எக்ஸிட்டனுக்கான கணிதத்தை வகுத்தார். 1950 களின் தொடக்கத்தில் லெனின்கிராட் நகரில் யெவ்கெனி குரோஸ் என்பவரும் அவரது சகாக்களும் குளிரூட்டப்பட்ட செப்பு ஒட்சைட்டுப் பளிங்கில், ஐதரசனின் நிறமாலையை ஒத்த கோட்டு வரிசையைக் கண்டனர். எக்ஸிட்டன் என்பது வெறும் ஏட்டுக் கற்பனை அன்று என்பது அதனால் உறுதியாயிற்று.

இது நமது அன்றாட வாழ்வுக்கு அந்நியமானதொன்றன்று. பச்சை இலையில் விழும் சூரிய ஒளியைக் குளோரபில் மூலக்கூறுகள் பற்றி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்றிச் செல்வது பிரெங்கல் கூறிய வகை எக்ஸிட்டன் வடிவிலேயாகும். இன்று பல கையடக்கத் தொலைபேசிகளின் திரைகளில் ஒளிரும் சேதன ஒளியுமிழ் இருவாயிகளும் எக்ஸிட்டன்களைக் கொண்டே ஒளி தருகின்றன. திரையில் நாம் காணும் ஒவ்வொரு நிறப்புள்ளியும், தோன்றி மறையும் எண்ணற்ற சோடிகளின் இறுதி ஒளியேயாகும்.

நெரிசலிற் கரையும் கவர்ச்சி

அப்படியாயின், சாதாரண குறைகடத்திகளில் எக்ஸிட்டன்கள் ஏன் எளிதில் அகப்படுவதில்லை? இதற்கான விடை, சோடியைச் சூழ்ந்திருக்கும் பொருளில் உள்ளது.

நெரிசல் மிக்க சந்தையொன்றின் இரு மூலைகளில் நின்று இருவர் பேச முயல்வதாகக் கொள்வோம். இடையே உள்ள கூட்டம் அவர்களது குரலை விழுங்கிவிடும். ஆளரவமற்ற வெளியில் அதே தூரத்தில் நின்று பேசினால் குரல் தெளிவாகக் கேட்கும். குறைகடத்திப் பளிங்கின் உள்ளே இலத்திரனுக்கும் துளைக்கும் இடையில் பல்லாயிரம் அணுக்கள் உள்ளன. அவற்றின் ஏற்றங்கள் சற்றே இடம்பெயர்ந்து, சோடிக்கு இடையிலான கவர்ச்சியை மழுங்கச் செய்கின்றன. ஏற்றங்களுக்கு இடையிலான விசை அவற்றைச் சூழ்ந்த ஊடகத்துக்கு ஏற்ப மாறும் என்று உயர்தர வகுப்பு மாணவர்கள் கூலோமின் விதியுடன் கற்பது இதனையே.

இதன் விளைவை எண்களிற் காண்போம். ஐதரசன் அணுவிலிருந்து இலத்திரனைப் பிரித்தெடுக்க 13.6 இலத்திரன் வோல்ற்றுச் சக்தி தேவை. லேசர்களில் பயன்படும் கலியம் ஆசனைட்டு என்னும் குறைகடத்தியில் எக்ஸிட்டனைப் பிரிப்பதற்குத் தேவைப்படுவதோ ஏறத்தாழ 4 மில்லி இலத்திரன் வோல்ற்று மாத்திரமே. அதாவது, மூவாயிரத்தில் ஒரு பங்குக்கு அண்மித்த அளவு. அறை வெப்பநிலையில் அணுக்களின் வெப்ப அசைவு தரும் சக்தி ஏறத்தாழ 25 மில்லி இலத்திரன் வோல்ற்று ஆகும். பிணைப்பின் வலிமை 4. அதனை உலுக்கும் அசைவோ 25. இத்தகைய சோடி அறை வெப்பநிலையில் எவ்வாறு நிலைக்கும்? தோன்றிய மாத்திரத்திலேயே அது சிதறிவிடும்.

காரீயமும் அதன் போலியும்

இக்கதையின் அடுத்த கட்டம் ஒரு கனிமத்திலிருந்து தொடங்குகின்றது. பென்சிலின் கருமுனையாகப் பயன்படும் பொருளை நாம் காரீயம் என்கின்றோம். உண்மையில் அதில் ஈயம் சிறிதும் இல்லை. அது காபனின் ஒரு வடிவம். கருமையும் மென்மையும் கண்டு ஈயத்தின் ஒரு வகை என்று முன்னோர் கருதியதால் வந்த பெயர் அது. இதே மயக்கம் ஐரோப்பியரிடமும் இருந்தது. அவர்கள் காரீயத்தையும், அதனைப் போன்றே கருமையாயும் வழுவழுப்பாயும் இருக்கும் மொலிப்டனைற் என்னும் கனிமத்தையும் ஒன்றெனக் கருதினர். ‘மொலிப்டோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லின் பொருளும் ஈயம் என்பதேயாகும். 1778 ஆம் ஆண்டில் சுவீடனில் பணியாற்றிய இரசாயனவியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே, இவ்விரண்டும் வெவ்வேறு பொருட்கள் என்பதை நிறுவினார். மொலிப்டனைற் என்பது மொலிப்டினம் என்னும் மூலகமும் கந்தகமும் சேர்ந்த சேர்வையாகும்.

இரசாயனத்தில் வேறுபட்டிருப்பினும் அமைப்பில் இவை இரண்டும் உறவினர் எனலாம். இரண்டும் ஏடுகளை அடுக்கியது போன்ற பளிங்குகள். ஓர் ஏட்டினுள் அணுக்கள் வலுவாகப் பிணைந்துள்ளன. ஏட்டுக்கும் ஏட்டுக்கும் இடையிலான பிணைப்போ மிகத் தளர்வானது. இதனால் ஏடுகள் ஒன்றன்மீது ஒன்று எளிதில் வழுக்குகின்றன. காரீயம் தாளில் எழுதுவதும், மொலிப்டினம் இருசல்பைட்டு இயந்திரங்களுக்கு உராய்வு நீக்கியாகப் பயன்படுவதும் இதனாலேயே.

2004 ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்ட்ரே கெய்ம், கொன்ஸ்டன்டின் நோவோசெலோவ் ஆகியோரும் அவர்தம் குழுவினரும், சாதாரண ஒட்டுநாடாவைக் கொண்டு காரீயத்தை மீண்டும் மீண்டும் உரித்து, இறுதியில் ஓர் அணுத் தடிப்புள்ள ஏட்டைப் பிரித்தெடுத்து அதன் மின்னியல்புகளை அளந்தனர். கிரபீன் எனப்படும் அந்த ஏடு 2010 ஆம் ஆண்டில் இவ்விருவருக்கும் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றுக்கொடுத்தது. 2005 இல் அதே குழுவினர் மொலிப்டினம் இருசல்பைட்டு உட்பட வேறு பல பளிங்குகளையும் இவ்வாறே உரிக்கலாம் எனக் காட்டினர்.

கிரபீனுக்கு ஒரு குறை உண்டு. அதில் சக்தி இடைவெளி இல்லை. முன்னர் கூறிய மண்டபத்தின் கீழ்த்தளமும் மேல்மாடியும் அங்கே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. எனவே மின்னோட்டத்தை முற்றாக நிறுத்துவதோ, கட்புல ஒளியைத் திறம்பட உமிழ்வதோ கிரபீனுக்குக் கடினம். மொலிப்டினம் இருசல்பைட்டுக்கோ அந்த இடைவெளி உண்டு. விஞ்ஞானிகளின் பார்வை காரீயத்திலிருந்து அதன் பழைய போலியின் பக்கம் திரும்பியது.

தனித்தபோது ஒளிர்ந்தது

மொலிப்டினம் இருசல்பைட்டின் ஓர் ஏடு மூன்று அணு வரிசைகளால் ஆனது. நடுவில் மொலிப்டினம், அதன் மேலும் கீழும் கந்தகம். இதன் மொத்தத் தடிப்பு ஏறத்தாழ 0.65 நனோமீற்றர். நமது தலைமுடி ஒன்றின் தடிப்பை எட்ட வேண்டுமாயின் இத்தகைய ஏடுகள் ஓர் இலட்சத்தை அடுக்க வேண்டியிருக்கும்.

2010 ஆம் ஆண்டில் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டொனி ஹைன்ஸ் அவர்களின் குழுவும், கலிபோர்னியாவின் பேர்க்லியில் ஃபெங் வாங் அவர்களின் குழுவும் தனித்தனியே ஒரு முக்கிய முடிவை வெளியிட்டன. தடித்த மொலிப்டினம் இருசல்பைட்டின்மீது லேசரைப் பாய்ச்சினால் அது பதிலுக்கு ஒளிர்வதில்லை என்றே கூறலாம். ஆனால் அதே பொருளின் ஒற்றை ஏடு செந்நிறமாக ஒளிர்ந்தது. கொலம்பியா குழுவினரின் அளவீட்டின்படி, தனித்து நின்ற ஒற்றை ஏட்டின் ஒளிர்வுத் திறன் தடித்த பளிங்கினதைவிடப் பத்தாயிரம் மடங்கிலும் அதிகமாக இருந்தது.

இதற்குக் காரணம் என்ன? மேலே சென்ற இலத்திரன் ஒளியை உமிழ்ந்துகொண்டு கீழே இறங்க வேண்டுமாயின், சக்தி மாத்திரமன்றி உந்தமும் பொருந்தி வரவேண்டும். வெற்றாசனம் நேர் கீழே இருந்தால் இறங்குவது எளிது. அது மண்டபத்தின் மறுகோடியில் இருந்தால், எவராவது பக்கவாட்டில் தள்ளிவிட்டாலன்றி அங்கே சேர முடியாது. தடித்த மொலிப்டினம் இருசல்பைட்டில் இரண்டாவது நிலையே காணப்படுகின்றது. அங்கே ஏடுகளுக்கு இடையிலான தொடர்பு சக்திப் பட்டைகளைச் சற்றே வளைத்து, இலத்திரனின் இருப்பிடத்தையும் துளையின் இருப்பிடத்தையும் உந்தத்தில் வேறாக்கி விடுகின்றது. ஓர் ஏட்டைத் தனியே பிரித்தவுடன் அந்தத் தொடர்பு அறுந்து, இரண்டும் நேருக்கு நேர் வந்து நிற்கின்றன. ஒளிக்கான வாயில் திறக்கின்றது.

மெலிவில் விளைந்த வலிமை

ஒளிர்வுக்கான வாயில் திறந்தது ஒரு பாதி மாத்திரமே. மறுபாதி, சோடிக்கு இடையிலான கவர்ச்சியைப் பற்றியது.

தடித்த பளிங்கில் இலத்திரனைத் துளையுடன் இணைக்கும் மின்விசைக் கோடுகள் யாவும் பொருளினூடாகவே செல்கின்றன, ஆதலால் மழுங்குகின்றன. ஒற்றை ஏட்டிலோ அக்கோடுகளின் பெரும்பகுதி ஏட்டைவிட்டு வெளியேறி, மேலும் கீழும் உள்ள வெறுவெளியினூடாக வளைந்து செல்கின்றது. அங்கே அவற்றை மழுங்கச் செய்யும் அணுக்கள் இல்லை. சந்தைக் கூட்டம் கலைந்து, பேசுவோரின் குரல் தெளிவாகக் கேட்பது போன்றது இது. அத்துடன், முப்பரிமாணத்தில் அலைந்து திரியக்கூடிய இலத்திரனும் துளையும் இங்கே ஒரு தளத்தினுள் அடைக்கப்பட்டிருப்பதால், ஒன்றையொன்று விட்டு விலகிச் செல்லும் வழிகளும் குறைகின்றன.

2014 இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்ஸ்தன் இருசல்பைட்டின் ஒற்றை ஏட்டில் எக்ஸிட்டனின் பிணைப்புச் சக்தியை அளந்து, அது ஏறத்தாழ 320 மில்லி இலத்திரன் வோல்ற்று எனக் கண்டறிந்தனர். கலியம் ஆசனைட்டின் 4 உடன் ஒப்பிட்டால் இது எண்பது மடங்கு. அறை வெப்பத்தின் 25 உடன் ஒப்பிட்டாலும் பன்னிரண்டு மடங்கிலும் அதிகம். வெப்ப அசைவு இனி இச்சோடியை எளிதிற் பிரித்துவிட முடியாது. குளிரூட்டிகளுக்குள் மறைந்திருந்த ஒரு துணிக்கை சாதாரண ஆய்வுகூட மேசைக்கு வந்து சேர்ந்தது.

அதே ஆய்வில் இன்னொரு புதுமையும் தென்பட்டது. ஐதரசனின் சக்திப் படிகள் பாடநூல்களில் உள்ள எளிய விதியொன்றைப் பின்பற்றுகின்றன. இந்த எக்ஸிட்டனின் தாழ்ந்த படிகள் அவ்விதிக்குப் பணியவில்லை. சோடி நெருங்கி இருக்கும்போது விசைக்கோடுகளுள் அதிகமானவை ஏட்டினூடாகச் செல்கின்றன. விலகி இருக்கும்போது வெளியினூடாகச் செல்கின்றன. ஆகவே, விசை மழுங்கும் அளவே தூரத்துக்கு ஏற்ப மாறுபடுகின்றது. எளிய விதி பிறழ்வதற்கு இதுவே காரணம்.

விசைக்கோடுகள் வெளியே உலவுவதால் இன்னொரு விளைவும் உண்டு. ஏட்டின்மேல் எது வைக்கப்பட்டுள்ளதோ, அது எக்ஸிட்டனின் வலிமையை மாற்றிவிடுகின்றது. ஒரு கிரபீன் படலத்தை அருகே வைத்தாலே பிணைப்புச் சக்தி கணிசமாகக் குறைவதை 2017 இல் ஆய்வாளர்கள் காட்டினர். ஒரு குறைகடத்தியின் இயல்பை மாற்ற அதனுள் வேற்று அணுக்களைக் கலக்க வேண்டும் என்பது பழைய முறை. இங்கோ அயலாரை மாற்றினாலே போதுமானது.

ஒன்றல்ல, ஒரு குடும்பம்

பொருளில் மேலதிக இலத்திரன்கள் இருக்கும்போது, அவற்றுள் ஒன்று எக்ஸிட்டனுடன் இணைந்து மூவராகக் கூடுகின்றது. ட்ரையன் எனப்படும் இது ஏற்றமுடையது. ஆகவே மின்புலத்துக்கு உட்படக்கூடியது. 2013 இல் இது அணுத்தடிப்பு ஏடுகளில் தெளிவாக இனங்காணப்பட்டது.

ஏடுகளின் பளிங்கமைப்பில், இலத்திரன்கள் தங்கும் இரு சக்திப் பள்ளத்தாக்குகள் உள்ளன. சக்தியில் இவை சமமானவை. ஆயின், இடஞ்சுழியாக முனைவாக்கப்பட்ட ஒளி ஒரு பள்ளத்தாக்கிலும் வலஞ்சுழியான ஒளி மற்றையதிலும் எக்ஸிட்டனைத் தோற்றுவிக்கின்றது. 2012 இல் ஹொங்கொங்கிலும் சீனாவிலும் அமெரிக்காவிலும் இருந்த குழுக்கள் இதனைத் தனித்தனியே நிரூபித்தன. கணினியின் பூச்சியத்தையும் ஒன்றையும் எந்தப் பள்ளத்தாக்கு என்பதைக் கொண்டு குறிக்கலாமா என்ற வினா அன்று முதல் ஆராயப்பட்டு வருகின்றது.

எல்லா எக்ஸிட்டன்களும் ஒளிர்வதில்லை. உந்தமோ சுழற்சியோ பொருந்தாத சோடிகள் இருள் எக்ஸிட்டன்கள் எனப்படுகின்றன. ஒளியை உமிழாதவற்றை ஒளியைக் கொண்டு தேடுவது கடினம் அன்றோ! ஜப்பானின் ஒக்கினாவா விஞ்ஞான தொழில்நுட்ப நிறுவகத்தில் கேஷவ் தானி அவர்களின் குழு வேறொரு வழியைக் கையாண்டது. அதிவேக ஒளித்துடிப்பினால் எக்ஸிட்டனிலிருந்து இலத்திரனையே வெளியே இழுத்து, அதன் சக்தியையும் உந்தத்தையும் அளந்தது. 2020 இல் வெளியான அவர்களது முடிவுகள், தங்ஸ்தன் இருசெலனைட்டில் இருள் எக்ஸிட்டன்கள் உந்தத்தில் எங்கே இருக்கின்றன என்பதை நேரடியாகக் காட்டின. 2021 இல் அதே முறையால், எக்ஸிட்டனினுள் துளையைச் சுற்றி இலத்திரன் எவ்வாறு பரந்திருக்கின்றது என்பதன் உருவமும் பெறப்பட்டது. பிரெங்கல் காகிதத்தில் எழுதியதற்கும் இந்த உருவத்துக்கும் இடையே தொண்ணூறு ஆண்டுகள் கடந்திருந்தன.

இரு வெவ்வேறு ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் இலத்திரன் ஓர் ஏட்டிலும் துளை மற்றையதிலுமாகப் பிரிந்து, ஆனால் பிணைப்பு விடாது, ஏடிடை எக்ஸிட்டனாக நிற்கும். இலத்திரனும் துளையும் வெவ்வேறு ஏடுகளில் இருப்பதால் இது விரைவில் மறைவதில்லை. சியாட்டிலில் உள்ள வொஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் 2015 இல் அளந்த ஆயுட்காலம் ஏறத்தாழ 1.8 நனோசெக்கன். ஒளியே அரை மீற்றரளவு தூரம் மட்டும் செல்லக்கூடிய காலம் அது. நமக்கு அது ஒன்றுமில்லை. எக்ஸிட்டனுக்கோ நீண்ட ஆயுள்.

பயனும் தடையும்

ஆயுள் நீண்டதனால் அதனைக் கொண்டு வேலை வாங்கலாம். 2018 இல் சுவிற்சர்லாந்தின் லொசான் நகரில் உள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கல்லூரியைச் சேர்ந்த அன்ட்ராஸ் கிஸ் அவர்களின் குழு, ஏடிடை எக்ஸிட்டன்களின் ஓட்டத்தை மின்புலத்தால் திறந்தும் அடைத்தும் காட்டியது. அறை வெப்பநிலையிலேயே இயங்கிய அந்தத் திரான்சிஸ்டரில் எக்ஸிட்டன்கள் ஏறத்தாழ 5 மைக்ரோமீற்றர் வரை பயணம் செய்தன. ஒளியாக உள்ளே வரும் தகவலை மின்னாக மாற்றாமலே வழிப்படுத்தி, மீண்டும் ஒளியாக வெளியேற்றலாம் என்பதற்கு இது ஒரு தொடக்கச் சான்றாகும். இக்கட்டுரையின் ஆரம்பத்திற் கூறிய வீண்செலவைக் குறைக்கும் ஒரு பாதை இங்கே தென்படுகின்றது.

ஒளியைப் பற்றும் திறனிலும் இவ்வேடுகள் வியப்பளிக்கின்றன. ஒரு நனோமீற்றருக்கும் குறைந்த தடிப்புடைய ஏடு, தன்மீது விழும் சூரிய ஒளியில் 5 முதல் 10 சதவீதம் வரை உறிஞ்ச வல்லது என 2013 இல் மசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தினர் கணித்தனர். அதே அளவை உறிஞ்சுவதற்குச் சிலிக்கன் ஏறத்தாழ 50 நனோமீற்றர் தடிப்பாக இருக்க வேண்டும். எனினும் சூரியக்கலத்தைப் பொறுத்தவரை எக்ஸிட்டனின் வலிமையே ஒரு தடையாகின்றது. மின்னோட்டம் பெறுவதற்குச் சோடியைப் பிரித்தாக வேண்டும். இறுகப் பிணைந்திருப்பதைப் பிரிப்பதோ கடினம். ஒளிவிளக்குக்கு வரமாக அமைவது சூரியக்கலத்துக்குச் சுமையாகின்றது.

இன்னொரு தடை பளிங்கின் குறைபாடுகள். ஒட்டுநாடாவால் உரித்த மொலிப்டினம் இருசல்பைட்டில், உறிஞ்சப்பட்ட ஒளியில் 1 சதவீதத்துக்கும் குறைவானதே மீண்டும் ஒளியாகத் திரும்பியது. மற்றைய எக்ஸிட்டன்கள் யாவும் பளிங்கில் உள்ள கறைகளில் விழுந்து வெப்பமாயின. 2015 இல் பேர்க்லியில் அலி ஜாவே அவர்களின் குழு, மிகைவலிமை கொண்ட ஓர் அமிலத்தால் ஏட்டைப் பதப்படுத்தி இத்திறனை 95 சதவீதத்துக்கும் மேலாக உயர்த்திக் காட்டியது. ஆயினும் ஒளியின் செறிவு கூடும்போது எக்ஸிட்டன்கள் ஒன்றோடொன்று மோதி அழிவது தொடர்ந்தும் ஒரு பிரச்சினையாகவே உள்ளது.

ஏட்டை நல்லதொரு படுக்கையில் வைத்தால் அதன் இயல்புகள் சீராகின்றன. அறுகோண போரன் நைத்திரைட்டு என்னும் காவலிப் பளிங்கே அதற்கு உகந்தது. உலகின் பல ஆய்வுகூடங்களுக்கு இதனை வளர்த்து வழங்கி வந்தவர்கள், ஜப்பானின் ட்சுகுபா நகரில் உள்ள தேசிய பொருளியல் விஞ்ஞான நிறுவகத்தின் தகாஷி தனிகுச்சி, கென்ஜி வத்தனபே என்னும் இருவராவர். பரபரப்பான கண்டுபிடிப்புகளின் பின்னால், பேரழுத்த இயந்திரத்தின் அருகே பொறுமையுடன் பளிங்கு வளர்த்தோரின் உழைப்பு இருக்கின்றது என்பதை மறந்துவிடலாகாது.

2019 இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் கின் ஃபாய் மாக், ஜீ ஷான் ஆகியோரின் குழு, ஏடிடை எக்ஸிட்டன்கள் ஒரே குவாண்டம் நிலையில் ஒடுங்குவதற்கான சான்றுகளை ஏறத்தாழ 100 கெல்வின் வரை, அதாவது மறை 173 பாகை செல்சியஸ் வரை, கண்டதாக அறிவித்தது. இது முழுமையாக நிலைநாட்டப்படுமாயின், தடையின்றிப் பாயும் எக்ஸிட்டன் ஓட்டம் பற்றிய கனவுக்கு அடித்தளமாகும்.

ஆயினும் எதிர்பார்ப்பு அளவு மீறலாகாது. சிலிக்கனின் இடத்தை இவை நாளையே பிடித்துவிடும் என்று கூறுவது உண்மையாகாது. சிலிக்கனின் பின்னால் அரை நூற்றாண்டுக்கும் மேலான தொழிற்சாலை அனுபவம் உள்ளது. கறையற்ற அணுத்தடிப்பு ஏடுகளைப் பெரும் பரப்பில் ஒரே சீராக வளர்ப்பதும், அவற்றுக்கு நல்ல மின்தொடுப்புகளை இடுவதும் இன்னும் கடினமான பணிகளே.

நாம் கொள்ள வேண்டியது

கஹட்டகஹ, போகல ஆகிய சுரங்கங்களிலிருந்து கிடைக்கும் நமது நாட்டின் காரீயம், தூய்மையால் உலகப் புகழ் பெற்றது. பாறைப் பிளவுகளில் நரம்பு போல் ஓடும் இவ்வகைக் காரீயத்தை வர்த்தக ரீதியில் அகழும் நாடு இலங்கையே. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே நாம் அதனைப் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேற்றி வந்துள்ளோம். 2008 இல் தொடங்கப்பட்ட இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவகம் அதிலிருந்து கிரபீன் தயாரிக்கும் வழிகளில் ஈடுபட்டது வரவேற்கத்தக்க ஒரு திருப்பமாகும். எனினும் இத்துறையின் வரலாறு கூறும் பாடம் கனிமத்தைப் பற்றியது மாத்திரமன்று.

கிரபீனைப் பிரித்தெடுக்கப் பயன்பட்டது எந்தக் கடையிலும் கிடைக்கும் ஒட்டுநாடா. ஆனால் உரித்த ஏட்டை ஒளிநுணுக்குக்காட்டியில் இனங்காணும் பயிற்சியும், அது ஏன் ஒளிர்கின்றது என்று கேட்கும் பௌதிகவியல் அறிவும், விடை கிடைக்கும் வரை காத்திருக்கும் நிறுவனங்களும் கடையில் விற்கப்படுவதில்லை. 1931 இல் பிரெங்கல் எழுதியபோது அதனால் எவருக்கும் உடனடிப் பயன் இருக்கவில்லை. ஷீலே இரு கரும் கனிமங்களை வேறுபடுத்தியபோதும் அவ்வாறே. அவ்வறிவு பயன்தரும் துறையாக மலர்வதற்குத் தலைமுறைகள் பல வேண்டியிருந்தன.

எக்ஸிட்டனை விளங்கிக்கொள்ளத் தேவையான அத்திவாரம் நமது உயர்தர மாணவரின் பாடநூல்களிலேயே இருக்கின்றது. கூலோமின் விதியும் ஐதரசன் அணுவும் குறைகடத்தியும் அவர்கள் பரீட்சைக்காக மனனம் செய்யும் பகுதிகள். அவை மூன்றும் ஒன்றுகூடும் இடத்திலே உயிருள்ள ஓர் ஆய்வுத்துறை இருக்கின்றது என்பதை ஆசிரியர் ஒருவர் வகுப்பறையில் எடுத்துக் கூறினால், மனனம் செய்த வரிகள் கேள்விகளாக மாறக்கூடும். காரீயத்தைத் தோண்டி எடுத்த நாடு, அதனை உரித்துப் பார்க்கும் நாடாகவும் வளர வேண்டுமாயின், அந்த மாற்றம் தொடங்க வேண்டிய இடம் சுரங்கம் அன்று, வகுப்பறையே.